கொச்சிக்கடைப் பிள்ளையாருக்கு ஒரு எண்ணெய்க் கடன்

ஆடிச் செவ்வாய் தேடிக் குளி என்பார்கள். அம்மாவுக்கு 81 வயது, முழங்கால் இரண்டும் சரியில்லை, ஆனாலும் விடிய நாலரைக்கே முழுகிவிட்டு ஈரத்தலையோடு என் அறைக் கதவைத் தட்டினா.

"எழும்பு மேனே. இண்டைக்கு அந்தக் கடனைக் குடுத்திட்டு வந்திடுவம்."

அது எந்தக் கடன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். அறுபத்துமூன்று கரண்டி இலுப்பெண்ணெய். கொடுக்கவேண்டியது பிள்ளையாருக்கு. வாங்கித் தின்றவன் நான்.

1990 ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் இருந்த வீட்டை விட்டு, கொக்குவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டோம். கரண்ட் அதோடு போனது. மண்ணெண்ணெய், பெற்றோல், சவர்க்காரம், மெழுகுதிரி, பற்றரி எல்லாம் தடை. பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். படிப்புக்கு ஜாம் போத்தல் விளக்கு: அடியில் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், மேலே ஒரு துளி வெளிச்சம். குண்டு போடுகிற சகடை விமானம் சுற்றுகிற சத்தம் கேட்டால் அதையும் நூர்த்துவிட்டுப் பங்கருக்குள் ஓடவேண்டும்.

1993இல் எனக்கு ஓ.எல்., அதாவது சாதாரண தரச் சோதனை. மண்ணெண்ணெய் இல்லாத இரவுகளில் அம்மா சாமி அறைக்குப் போய், பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்த போத்தலில் ஒரு கரண்டி இலுப்பெண்ணெய் எடுத்து என் சிட்டி விளக்கில் ஊற்றுவா. அப்படி எடுக்கிற ஒவ்வொரு கரண்டிக்கும் சாமி அறைச் சுவரில் ஒரு கரிக்கோடு. "கடனாத்தான் எடுக்கிறன் அப்பனே, களவு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பா. சோதனை முடிந்த அன்று எண்ணினா. அறுபத்துமூன்று கோடு.

1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்கி வர, வலிகாமச் சனம் முழுக்க ஒரே றோட்டில் இடம்பெயர்ந்து நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் ஓரடி வைக்கக் கால்மணித்தியாலம் நின்றோம். அரைவாசித் துணிமணி வழியிலேயே போய்விட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "சுவர் அங்க நிக்குதடா. அறுபத்திமூண்டு. நீயும் ஞாபகம் வைச்சிரு."

பிறகு கப்பலில் திருகோணமலை வந்து, கொழும்பு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அறை. பொலிஸ் பதிவுத் துண்டும் அடையாள அட்டையும் இல்லாமல் முடக்குக் கடைக்கும் போகமுடியாத காலம். ஒருநாள் அம்மா போத்தலும் கையுமாகச் சிவன் கோயிலுக்கு வெளிக்கிட்டா. வழியில் ஒரு சோதனைச்சாவடி. மறித்தவனுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. மூடியைத் திறந்து மணந்தான். இலுப்பெண்ணெயின் மணம் அவனுக்கு எதை நினைவூட்டியதோ, றோட்டுக்கரைக் கானுக்குள் கவிழ்த்துவிட்டான். அம்மா வெறும் போத்தலோடு திரும்பி வந்தா. அதற்குப் பிறகு, ஊர்ப் பிள்ளையாருக்கு ஊரில் வைத்தே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டா.

சண்டை 2009இல் முடிந்தது. வலிகாமம் வடக்கை ஆமி துண்டு துண்டாகத்தான் விட்டது. எங்கள் ஒழுங்கை எந்தத் துண்டிலும் வரவில்லை. போன மாதம் திடீரென்று, "அவர் எனக்காக அங்க காத்துக்கொண்டு இருப்பாரே? இங்க கொழும்பில, கொச்சிக்கடையில குடுத்தா அவருக்குத்தானே போகும்" என்றா.

கொழும்பில் நல்ல இலுப்பெண்ணெய் தேடின கதை தனிக்கதை. ஒரு கடையில் வாங்கியதை அம்மா உள்ளங்கையில் விட்டு மணந்து பார்த்துவிட்டு, "இது பொரிச்ச எண்ணெய்" என்று ஒதுக்கிவிட்டா. கடைசியில் யாழ்ப்பாண பஸ்ஸில் வந்த ஒரு பிள்ளையிடம் சொல்லி எடுப்பித்தோம்.

வெள்ளவத்தையில் 101 பஸ் ஏறிப் புறக்கோட்டை. அங்கிருந்து ஆட்டோ. அம்மாவின் பட்டுச்சேலையைப் பார்த்ததும் மீற்றர் 'பழுதாகிவிட்டது' என்றான். பேரம் பேச நேரமில்லை, ஏறினோம். செட்டியார் தெருவுக்குள் நகைக்கடைச் சனம். செவ்வாய்க்கிழமை என்பதால் அந்தோனியார் கோயிலடியில் மெழுகுதிரியும் கையுமாக இன்னொரு சனம். 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்த கோயில். அம்மா ஆட்டோவுக்குள் இருந்தபடியே அந்தப் பக்கம் கும்பிட்டா. அவனும் ஹாண்டிலை விட்டுவிட்டுச் சிலுவை போட்டான். அதிலிருந்து எனக்குக் கோபம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் இறங்கியவுடன் அர்ச்சனைத் தட்டுக்காரர்கள் நாலு பேர் அம்மாவின் இரண்டு கையிலும் தட்டைத் திணிக்கப் பார்த்தார்களே, போத்தல் விழுந்திருந்தால்!

உள்ளே கால் வைத்ததும் குளிர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாலேயே கட்டுவித்த கோயில். வெளியே துறைமுகத்து லொறிகள் எவ்வளவு இரைந்தாலும் அந்தக் கல்லுக்குள் அது அடங்கிவிடும். எங்கள் ஊர்க் கோயில் ஓட்டுக்கூரை போட்டது, மூலையில் வௌவால். இருந்தாலும் அதே கர்ப்பூர மணம், அதே எண்ணெய்ப் பிசுக்கு.

பிள்ளையாருக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா கைப்பையைத் திறந்து கரண்டியை எடுத்தா. எனக்கே தெரியாமல் கொண்டுவந்திருக்கிறா, அதே பழைய பித்தளைக் கரண்டி, காம்பு வளைந்தது.

"ஒண்டு."

எனக்குப் பின்னால் வரிசை. ஐந்தாவது கரண்டியில் ஒரு அம்மா 'ம்ச்' கொட்டினா. பத்தாவதில் இன்னொருத்தர், "வேற ஆக்களுக்கும் கும்பிட வேணும் தம்பி" என்றார். குருக்களும் பார்த்துவிட்டு, "போத்தலோட ஊத்துங்கோ அம்மா, சாமி ஏற்றுக்கொள்வார்" என்றார்.

"இல்லை ஐயா. கரண்டியாலதான் எடுத்தனான்."

அவர் ஒன்றும் பேசவில்லை. வரிசையை மற்றப் பக்கத்தால் வரச்சொல்லிக் கை காட்டினார். விளக்கு நிரம்ப நிரம்ப, பக்கத்தில் இருந்த பாத்திரத்துக்கு எண்ணெயை மாற்றியும் விட்டார். அந்த மனுசனுக்கு நூறு வயது வேண்டும்.

நாற்பதைத் தாண்டும்போது தீபாராதனை மணி. அம்மா கரண்டியை அப்படியே பிடித்தபடி நிமிர்ந்தா. சுடர் மேலே போய், பிள்ளையாரின் வயிற்றைச் சுற்றி, தும்பிக்கையில் வந்து நின்றது. அருகம்புல் மாலைக்குள் அந்தச் சின்னக் கண் பளிச்சென்றது. அப்பனே, எத்தனை ஷெல், எத்தனை பொம்மர்! எங்களோடு அந்தப் பாலத்தில் நடந்தவர்கள் எத்தனை பேர் இன்று இல்லை! என்னை ஏன் விட்டுவைத்தாய், இந்த மனுசியை ஏன் இவ்வளவு காலம் வைத்திருந்தாய், இந்த எண்ணெய்க்காகவா? வாயில் தேவாரம் வரவில்லை. "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று அது மட்டுந்தான் வந்தது. கன்னம் நனைந்ததுகூடத் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற அந்த 'ம்ச்' அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கும்வரை.

மணி ஓய்ந்தது. அம்மா கரண்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"எத்தினை?"

எனக்குத் தெரியவில்லை.

"உன்னை நம்பி வந்தனே" என்றுவிட்டு, கொஞ்சமும் யோசிக்காமல், "ஒண்டு" என்று திரும்பவும் தொடங்கினா. குருக்கள் சிரித்துவிட்டார். முதல் ஊற்றினது வட்டியாம். முழுவதையும் ஊற்றி முடிய, போத்தலில் விரலளவுதான் மிச்சம். அதையும் விட்டுவிட்டு, கரண்டியைச் சேலைத்தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்தா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல்கரை இருக்கை கிடைத்தது. நெற்றியில் திருநீறு, மடியில் வாழைப்பழம். கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தா. பிறகு மெல்லத் திரும்பி,

"ஓ.எல்.லில கணக்குக்கு உனக்கு என்னடா வந்தது?"

"எஸ் அம்மா. வெறும் பாஸ்."

"அறுபத்திமூண்டு கரண்டிக்கு எஸ்ஸோ?"