‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’: இதை எதை வைத்து அளப்பது?

டெல்டாவில் உழவர் பயிற்சிக்குப் பாடத்திட்டம் எழுதும்போது நோக்கம் என்ற இடத்தில் அடிக்கடி வந்து விழும் வரி: ‘நெல்லில் உர மேலாண்மை குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்துதல்.’ ஏற்படுத்துகிறவர் பயிற்சியாளர். எதிரே உட்கார்ந்திருக்கும் விவசாயி சாயங்காலம் எதைச் செய்யத் தெரிந்தவராக வீட்டுக்குப் போகிறார் என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

ஒரு பயிற்சி நோக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962-இல் சொன்ன மூன்று கூறுகள் இன்றைக்கும் போதும். கற்பவர் செய்து காட்டும் செயல், அதைச் செய்யும் சூழல், எவ்வளவு சரியாக இருந்தால் தேறினார் என்ற அளவு.

இலை வண்ண அட்டையை எடுத்துக்கொள்வோம். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் அதில் இருக்கும்; நெல் இலையை அவற்றோடு ஒப்பிட்டு, பயிருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) போதுமா என்று பார்ப்பார்கள். முதல் வரைவு இப்படி வரும்: ‘நட்டு 14 நாள் ஆன வயலில், அட்டையைக் கொண்டு 10 குத்துகளில் இலை நிறத்தை அளந்து, தழைச்சத்து இட வேண்டுமா என முடிவு செய்வார்.’ பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே இரண்டு செயல்கள். ஒருவர் சரியாக அளந்துவிட்டு முடிவில் கோட்டைவிட்டால் மதிப்பெண் என்ன? பிரித்துவிட வேண்டும்.

அளப்பது வயல் வேலை. உச்சியில் முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும், காலை 8 முதல் 10 மணிக்குள். வெயிலுக்கு முதுகைக் காட்டி, நம் நிழல் இலைமேல் விழும்படி நிற்க வேண்டும். நேர் வெயிலில் பச்சை வெளிறித் தெரியும். தேவையில்லாத யூரியா போகும், பின்னாலேயே புகையான் பூச்சி வரும். எண் தற்செயலாகப் பொருந்திவிடலாம் என்பதால், ‘10 இலைகளில் 8 பயிற்சியாளரின் அளவோடு பொருந்த வேண்டும்’ என்பதோடு ‘இலையை நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும்’ என்பதையும் அளவுகோலில் எழுதுங்கள்.

முடிவெடுப்பதைக் கூடத்திலேயே காகிதத்தில் சோதிக்கலாம். 10 இலைகளில் 7 இலை 3, மீதி 3 இலை 4 காட்டுகின்றன என்று வையுங்கள். 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் ரகத்துக்குரிய வரம்புக்குக் கீழே இருந்தால்தான் உரம். ஏடிடி 43-க்கு வரம்பு 4, ஆகவே இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு வரம்பு 3, ஒரு இலைகூடக் கீழே இல்லை; யூரியா மூட்டை கொட்டகையிலேயே இருக்கட்டும். ஆக இந்த நோக்கத்தின் சூழலில் ‘ரகத்தின் பெயர் கொடுக்கப்பட்டால்’ என்பது இல்லாவிட்டால் கேள்விக்கே விடை கிடையாது.

நேரக் கணக்கும் உண்டு. ஒருவர் 10 இலை பார்க்க 5 நிமிடம் என்றால், 20 பேரை ஒவ்வொருவராகச் சோதிக்க 100 நிமிடம். 10 குத்துகளில் கயிறு கட்டி எண் மாட்டிவிட்டு, நான்கு நான்கு பேராக வெவ்வேறு குத்தில் தொடங்கச் சொன்னால் 25 நிமிடத்தில் முடியும். ஒரு நாள் பயிற்சிக்கு மூன்று நோக்கங்களுக்கு மேல் எழுதுவதே வீண் என்பேன். சோதிக்க நேரமில்லாத நோக்கம் அழைப்பிதழுக்கு அலங்காரம்.

கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரிக்கும் ப்ளூமின் 1956 வகைப்பாட்டை ஒட்டிய வினைச்சொல் பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. அதிலிருந்து ‘பட்டியலிடுவார்’ என்பதை உருவி எடுப்பது சுலபம், அளக்கவும் சுலபம். அட்டையின் ஐந்து நன்மைகளைப் பட்டியலிட்டவர் வயலில் என்ன செய்வார் என்பதுதான் தெரியாது.

இதற்கு நேர் எதிர்த் தவறு ‘விளைச்சல் 20 விழுக்காடு கூடும்’ என்று எழுதுவது. எண் இருக்கிறது, ஆனால் அது கற்றலின் அளவு அல்ல. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்ததா, ஐப்பசி மழையில் தாளடி மூழ்கியதா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. திட்ட அறிக்கையில் அது இருக்கட்டும், பாடத்திட்டத்தில் வேண்டாம்.

எழுதி முடித்ததும் நோக்கத்தை மட்டும் வேறு இரண்டு பயிற்சியாளர்களிடம் கொடுத்து, தனித்தனியாகத் தேர்வு தயாரிக்கச் சொல்லுங்கள். ஒருவர் வயலுக்குக் கூட்டிப்போய், இன்னொருவர் கோடிட்ட இடம் நிரப்பக் கொடுத்தால், வாக்கியத்தை மறுபடி எழுத வேண்டும்.