கார்பரேட்டர் எஞ்சினுக்கு இசியு: வைட்பேண்ட் கட்டுப்பாடு வரை வந்த நிலவரம்

நான்கு சிலிண்டர் கார்பரேட்டர் எஞ்சின் ஒன்றை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றும் வேலையில், இன்ஜெக்டர்களும் பெட்ரோல் பம்பும் பொருத்திய பிறகு, எந்த இசியுவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வாங்குவது, காற்று-எரிபொருள் கலவையை எதைக்கொண்டு அளப்பது என்ற இரண்டு கேள்விகள் மிஞ்சின. இரண்டையும் சேர்த்தே முடிவுசெய்தேன்; ஏனெனில் எக்ஸாஸ்ட் வாயுவைக்கொண்டு கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் சொல்வதை இசியு எப்படிக் கேட்டுக்கொள்கிறது என்பதில்தான் பின்னால் வரும் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆர்டுயினோ மெகா 2560 எனும் மைக்ரோகன்ட்ரோலர் பலகையை அடிப்படையாகக் கொண்ட ஸ்பீடுயினோ இசியு செலவு குறைந்தது. நான்கு சிலிண்டருக்கு அது போதும். ரஸ்இஎஃப்ஐ பலகைகள் சிலவற்றில் சென்சாரை இயக்கிப் படிக்கும் வைட்பேண்ட் கன்ட்ரோலரும் உள்ளேயே இருக்கிறது. ஹால்டெக் போன்றவை ஆயத்தமாக வருவதால் சாலிடரிங் வேலை மிச்சம், பணம் மிச்சமில்லை. நான் எடுத்தது மெகாஸ்குவர்ட்-3. 36 பற்களில் ஒன்று நீக்கப்பட்ட கிராங்க் சக்கரத்தை அது நன்றாகப் படிக்கிறது. எக்ஸ்பேன்ஷன் பலகையில் உள்ள எஸ்டி கார்டில் ஓட்டத்தின் பதிவைச் சேமிக்கிறது. கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைத் தடுமாறாமல் அறியாத இசியுவுக்கு மற்ற வசதிகள் எத்தனை இருந்தும் பயனில்லை என்பதால், எரிபொருள் பக்கம் போவதற்கு முன்பே பற்களின் சிக்னல் பதிவையும் டைமிங் லைட்டையும் வைத்து அடிப்படை இக்னிஷன் டைமிங்கை உறுதிசெய்துகொண்டேன்.

சென்சார் போஷ் எல்எஸ்யு 4.9. பழைய நேரோபேண்ட் சென்சார் லாம்டா 1-ஐ (எரிபொருளுக்குச் சரியான அளவு காற்று உள்ள கலவை) ஒட்டி 0.45 வோல்ட்டுக்கு மேலும் கீழும் தாவி, ரிச்சா (எரிபொருள் அதிகம்) லீனா (எரிபொருள் குறைவு) என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு என்பதை வைட்பேண்ட்தான் சொல்லும். அதன் உட்புறம் சுமார் 780 டிகிரி செல்சியஸில் இயங்குவதால், எக்ஸாஸ்ட்டில் தேங்கிய நீர்த்துளி பட்டால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். ஆகவே குழாயின் பக்கவாட்டில், முனை கீழ்நோக்கும்படி, கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரிக்கு மேல் சாய்த்துப் பொருத்தினேன். அந்தந்த சென்சாருக்கு ஏற்ற அளவுத்திருத்த ரெசிஸ்டர் கனெக்டருக்குள்ளேயே இருப்பதால், வயர் எட்டவில்லை என்று கனெக்டரை வெட்டிவிடக் கூடாது.

எதிர்பாராத தலைவலி எர்த்தில் வந்தது. கன்ட்ரோலர் 0 முதல் 5 வோல்ட் வரை தருகிறது. அது காற்று-எரிபொருள் விகிதத்தில் 10 முதல் 20 வரை என்று அமைத்திருந்தேன். ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கும் கணத்தில், கலவை மாறாமலே, இசியு காட்டும் எண் 0.2 நகர்ந்தது. எர்த் வயர்களில் 0.1 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே இந்தப் பிழை வந்துவிடும். கன்ட்ரோலரின் எர்த்தைக் காரின் உடலிலிருந்து கழற்றி, இசியு எர்த் ஆகும் அதே எஞ்சின் பிளாக் போல்ட்டில் சேர்த்ததும் எண் அசையவில்லை. கேன் (CAN) எனும் டிஜிட்டல் இணைப்பு வழியே பேசும் கன்ட்ரோலராக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சென்சார் சொல்வதை வைத்து இசியு தானாக எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் லாம்டா திருத்தத்தை முதலில் முழுவதும் அணைத்துவிட்டு, இன்டேக் அழுத்தமும் ஆர்பிஎம்மும் கொண்ட விஇ அட்டவணையை (எஞ்சின் எவ்வளவு காற்றை நிரப்பிக்கொள்கிறது என்பதைச் சொல்வது) வெறும் பதிவுகளை வைத்தே திருத்தினேன். பிறகு திருத்தத்துக்கு 10 சதவீத எல்லை கொடுத்து இயக்கியபோது, சீரான ஓட்டத்தில் அட்டவணையின் ஒரு கட்டத்தில் அது தொடர்ந்து 6 சதவீதம் கூடுதலாகக் கேட்டது. அங்கிருந்த 62-ஐ 66 ஆக்கியதும் கேட்பது நின்றது. திருத்தம் ஓயாமல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் தவறு அட்டவணையில் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். எல்லையை 25 சதவீதத்துக்கு உயர்த்தி அதை மூடிமறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஐட்லிங்கில் எரிந்த வாயு சென்சாரை அடைவதற்குச் சில நூறு மில்லிவினாடி பிடிக்கும். அந்தத் தாமதத்துக்குக் காத்திராமல் இசியு திருத்தினால், பழைய சேதிக்குப் புதிய எரிபொருளைத் தந்து, கலவை ரிச்சுக்கும் லீனுக்கும் இடையே ஊசலாடும். தாமத அட்டவணையில் குறைந்த ஆர்பிஎம் பகுதிக்கு அதிக நேரம் கொடுத்த பிறகே ஊசலாட்டம் அடங்கியது. ஏமாந்துபோக இன்னொரு இடமும் உண்டு: சிலிண்டர் ஒன்று மிஸ்ஃபயர் ஆனால், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியேறி சென்சாருக்கு லீன் என்று தோன்றும்; அதை நம்பி எரிபொருளைக் கூட்டினால் பிளக் கறுத்து மிஸ்ஃபயர் இன்னும் அதிகமாகும். எக்ஸாஸ்ட் கசிவும் இதே பொய்யைச் சொல்லும் என்பதால், லீன் என்ற எண்ணைக் கண்டதும் நான் முதலில் கேஸ்கெட்டையும் பிளக்கையும்தான் பார்க்கிறேன்.

இலக்கு இப்போது சீரான ஓட்டத்தில் லாம்டா 1.0, முழு த்ராட்டிலில் 0.87. ஓடும் பகுதிகளில் திருத்தம் 3 சதவீதத்துக்குள் நிற்கிறது. முழு த்ராட்டிலில் அதை அணைத்தே வைத்திருக்கிறேன். குளிர்ந்த எஞ்சினின் வார்ம்-அப் வளைவும், ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதிக்கும்போது தரவேண்டிய கூடுதல் எரிபொருளும் பாக்கி இருக்கின்றன. வார்ம்-அப் அமைப்பதில் சென்சாரின் எண்ணைப் பதிவில் பார்ப்பதோடு சரி. கூலன்ட் 70 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் திருத்தம் வேலைசெய்யும்படி வைத்திருக்கிறேன்.