பதினொன்றரைக்கு மேல் பிள்ளை யார் பொறுப்பு?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் டீச்சராக இருக்கிற முன்பள்ளி 11.30க்கு விடும். அம்மாமார் கொழுந்தெடுக்கிற மலையிலிருந்து இறங்குவது 4.30க்கு. நடுவில் இருக்கிற ஐந்து மணித்தியாலத்தைச் சரிக்கட்ட நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கமிருந்து டீச்சர்மார் போன் எடுத்து, பின்னேரமும் பிள்ளைகளை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை.

இலங்கையில் அரசாங்கப் பாடசாலை தரம் 1இல்தான் தொடங்குகிறது. ஜனவரி 31க்குள் பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு முந்திய வயதுக்கு மாகாணத்தில் பதிவு செய்த முன்பள்ளி இருக்கிறது, அதுவும் காலையில் மட்டும். தோட்டத்தில் இதைத் தவிர பிள்ளைக்காம்பராவும் உண்டு. தாய்மார் கொழுந்தெடுக்கப் போக வேண்டுமே என்று வெள்ளைக்காரன் காலத்தில் வைத்தது. இப்போது போர்டில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று இருக்கிறது, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி ட்ரஸ்டும் தோட்டக் கம்பனியும் சேர்ந்து நடத்துகிறார்கள். எங்களுக்கு இன்னும் பிள்ளைக்காம்பராதான், உள்ளே இருப்பவர் ஆயாதான். நாள் முழுக்கத் திறந்திருக்கும். ஆனால் எங்கள் தோட்டத்தில் அது கைக்குழந்தைகளின் இடம். தொட்டிலும் புட்டியும் ஈரத்துணியுமாக இருக்கிற அந்த அறையில் நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை?

ஆகக் காலையில் பிள்ளை மாகாணத்துக்குச் சொந்தம், மத்தியானத்துக்கு மேல் தோட்டத்துக்குச் சொந்தம். இரண்டு பேரும் “எங்கள் பொறுப்பு அந்த நேரம் வரைதான்” என்பார்கள்.

மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் அம்மா லயத்துக்கு, அதாவது வரிசை வீட்டுக்கு, ஓடி வருவாள். பிள்ளைக்கு ஊட்டுவாள், தானும் இரண்டு வாய் போட்டுக்கொள்வாள், திரும்ப மலைக்கு ஏறுவாள். பாட்டி இருக்கிற வீட்டில் பரவாயில்லை. இல்லாத வீட்டில் அக்காமார் நிற்பார்கள். என்னிடம் படித்துப் போன ஒரு பிள்ளை தரம் 4இல் இருந்தாள். தம்பியைக் கூட்டிப் போக வாசலில் வந்து நிற்பாள், பாடசாலைச் சீருடையிலேயே. ஒருநாள் அவள் பையைத் திறந்து பார்த்தேன். கொப்பி ஒன்றும் இல்லை. தம்பியின் மாற்றுச் சட்டையும் ரொட்டிப் பொட்டலமும் இருந்தன. எனக்கு வேகம் வந்தது அன்றைக்குத்தான்.

முன்பள்ளியைப் பின்னேரமும் நடத்தலாமா என்று கேட்க முதலில் அம்மாமாரைக் கூட்டினோம். கோயில் மண்டபத்தில், மாதர் சங்கக் கூட்டத்தோடு சேர்த்து. “பாட்டி இருக்கும்போது எதுக்கு டீச்சர், பிள்ளை அலுத்துப் போகும்” என்று சிலர் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. காலை முழுக்கப் பாட்டும் எழுத்துமாக இருந்த பிள்ளையைப் பின்னேரமும் உட்கார வைத்து எழுதச் சொன்னால் அது கொடுமை. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்: மத்தியானத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், அப்புறம் விளையாட்டும் கதையும். எழுத்து கிடையாது. அதற்குப் பிறகுதான் அம்மாமாரின் கையெழுத்து விழுந்தது.

அடுத்து தொரையிடம், தோட்ட மனேஜரிடம். கட்டடமும் காணியும் தோட்டத்துடையது, அவர் கடிதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தொரை மறுக்கவில்லை, ஒரே கேள்விதான் கேட்டார்: “மூன்று மணிக்கு ஒரு பிள்ளை விழுந்து கையை உடைத்தால் யார் பதில் சொல்வது?” எங்களுக்குக் கோபம் வந்தாலும் கேட்டது சரிதான். நேரம், பொறுப்பாளர், பிள்ளையைக் கூட்டிப் போகக்கூடியவர்களின் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்தோம். பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் சும்மா பூட்டிக் கிடந்த அறையைக் கேட்டோம், கொடுத்தார். அவர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அம்மா பாதியில் இறங்கினால் மலையில் ஒரு ஆள் குறைவு, அவளுக்கும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும்.

முன்பள்ளிகளைப் பார்க்கிற அலுவலகத்தில்தான் இழுபட்டது. எங்கள் பதிவில் நேரம் காலை என்று இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் பி.எச்.ஐ.யின் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரின்) அறிக்கை, குடிதண்ணீர், பிள்ளைகள் அளவுக்கு மலசலகூடம், வேலி எல்லாம் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஒரு தடவையில் எல்லாவற்றையும் சொல்லாமல் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார்களே, அதுதான் எரிச்சல். மழைக்காலத்தில் மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏறி ஹட்டனில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்கிறவளுக்குத்தான் அந்த அருமை தெரியும். நீங்கள் போனால் தேவையானதையெல்லாம் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லி, முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

டொரொண்டோவில் இருக்கிற தோழியின் அக்கா அனுப்பிய விபரங்களையும் அங்கே காட்டினேன். கனடாவின் ஒன்டாரியோவில் 2010இல் ஆரம்பித்து 2014க்குள் எல்லா அரசாங்கப் பாடசாலைகளிலும் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முழு நாள் வகுப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். வகுப்பில் ஆசிரியர் ஒருவரும் சிறுபிள்ளைக் கல்வி படித்த இன்னொருவரும் சேர்ந்து நிற்பார்கள். “இது கனடா இல்லை டீச்சர்” என்று சிரித்தார் அந்த உத்தியோகத்தர். தெரியும் மிஸ், பஸ்ஸில் வரும்போதே தெரிந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு பேர் விஷயம் அவருக்குப் பிடித்துப் போனது. ஒரே டீச்சர் காலையிலிருந்து பின்னேரம் வரை நிற்க முடியாது, உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று அவரே குறிப்பில் எழுதினார். பின்னால் எங்களுக்கு அதிகம் உதவியது அந்த ஒரு வரிதான்.

தண்ணீர்த் தாங்கிக்குப் பிரதேச சபைக்குப் போனோம். “தோட்டக் காணி, சபைப் பணம் செலவழிக்க ஏலாது” என்றார் ஒரு கிளார்க். அது பழைய கதை. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி, தோட்டங்களுக்கும் சபை வேலை செய்யலாம் என்று ஆக்கியாகிவிட்டது. எங்கள் தோட்டத் தலைவர் திருத்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்தார், பேச்சு மாறியது. தாங்கி வர நாளாகியது, ஆனால் வந்தது. உங்கள் பக்கத்திலும் இந்தப் பதில் கிடைத்தால் வாதாட வேண்டாம், பிரதியைக் கொடுங்கள்.

அப்புறம் காசு. 2015இல் உலக வங்கியின் 5 கோடி டொலர் கடனில் ஆரம்பித்த முன்பிள்ளைப் பருவத் திட்டத்தில் சில தோட்டங்களுக்குப் புதுக் கட்டடமே கிடைத்தது. எங்களுக்கு இல்லை. பின்னேர உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்க வழி தேட வேண்டியிருந்தது. செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், அம்மாமாரின் சம்பளத்திலிருந்து வெட்டிவிடலாம் என்றது தோட்டம். அம்மாமார் ஒரே குரலில் மாட்டோம் என்றார்கள். சம்பளத் துண்டில் ஏற்கெனவே ஈ.பி.எஃப், சந்தா, கோயில், டோபி, முற்பணம் என்று வெட்டு வரிசையாக நிற்கிறது, இன்னொன்றா? கடைசியில் மாதர் சங்கம் சம்பள நாளில் கையில் வாங்குவது என்று முடிவாகியது. இரண்டு பிள்ளை இருக்கிற வீட்டில் ஒன்றுக்குத்தான் காசு. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த, எங்கள் லயத்துப் பிள்ளை ஒருத்தி வேலைக்கு வந்தாள். கொழும்புக் கடைக்குப் போக இருந்தவள். காசு சம்பளம் என்று சொல்கிற அளவுக்கு இல்லை. முன்பள்ளி டீச்சர்மார் எங்களுக்குக் கிடைப்பதைப் பற்றியும் இதே வார்த்தையைச் சொல்லலாம், அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

ஆயாவோடு கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது. தன் இடத்தை நான் பிடிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். பேசினோம். மூன்று வயதுக்குக் கீழே எல்லாம் அவர் பக்கம், மேலே என் பக்கம், மிட்வைஃப் வந்து நிறை நிறுக்கிற நாளில் இரண்டு பக்கமும் ஒன்று. பிள்ளைகளைத் தூங்க வைக்கிற வித்தை அவரிடம்தான் இருக்கிறது. ஒரு பிள்ளையின் முதுகில் தட்டிக்கொண்டே மற்றப் பிள்ளையின் காலைத் தன் காலால் மெல்ல ஆட்டுவார், இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணை மூடும். எந்த டிப்ளோமாவிலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

இப்போது பெரிய பிள்ளைகள் பின்னேரக் கொழுந்து நிறுத்து முடியும்வரை எங்களோடு இருக்கிறார்கள். பாயும் போர்வையும் வீட்டிலிருந்து வர வேண்டும். மழை நாளில் போர்வை காயாது, அதற்கு அறைக்குள்ளேயே கயிறு கட்டியிருக்கிறோம். காலையில் சோறு கட்டிக் கொடுக்க முடியாதவர்கள் ரொட்டி கொடுத்தனுப்புகிறார்கள். பருப்பை மட்டும் நாங்கள் பொதுவில் சமைக்கிறோம், ரொட்டியோ சோறோ எல்லாருக்கும் ஒரே கறி.

சனிக்கிழமை இன்னும் சரிவரவில்லை. மலையில் வேலை உண்டு, முன்பள்ளிக்கு லீவு, ஆயா மட்டும்தான் இருப்பார். அதற்கான கடிதத்தைத் தலைவர் எழுதிவிட்டார், மாதர் சங்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது.