காடாத்துணியில் ஒரு ‘ஜின் லேன்’

ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1751-இல் வெளியிட்ட ‘ஜின் லேன்’, ‘பீர் ஸ்ட்ரீட்’ இரண்டும் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்கள். முதலாவது, ஜின் என்ற சாராயத்தால் சீரழிந்த லண்டன் தெரு; இரண்டாவது, பீர் குடித்துச் செழிக்கும் தெரு. ஒரு தாள் ஒரு ஷில்லிங். மை ஒன்றுதான், நிறம் கிடையாது. எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுக்கும்போது நிறத்தை நாமேதான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான பிரதிகள் கெட்டுப்போவது அங்கேதான். ஆனால் வேலை துணியிலிருந்து ஆரம்பிக்கிறது.

சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிகளில் நெருக்கமாக நெய்த கனமான காடா கிடைக்கும். கேன்வாஸுக்கு அது தாராளமாகப் போதும். ஒரே சிக்கல், பாவுக்குப் போட்ட கஞ்சி. அது போகாமல் பூச்சடித்தால் பிடிமானம் இருக்காது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். சலவை சோடா போட்டு அரைமணி நேரம் கொதிக்கவைத்து, இரண்டு தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பிறகு ஓரத்தில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறினால் கஞ்சி இன்னும் இருக்கிறது, மறுபடி கொதிக்கவைக்க வேண்டியதுதான். துணி சுருங்கும் என்பதால் நான்கு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் முன்பக்க உள்விளிம்பைச் சரிவாக இழைக்கச் சொல்லுங்கள். தட்டையாக விட்டால் துணி மரத்தில் உரசி, நாளடைவில் சட்டத்தின் கோடு படத்தில் தெரியும். ஆணியை ஒவ்வொரு பக்கமும் நடுவில் தொடங்கி மூலைக்குப் போக வேண்டும். அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று முறை; முதல் பூச்சை மட்டும் தண்ணீர் கலந்து இளக்கி, துணிக்குள் இறங்கும்படி தேய்த்துப் பூசுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220-ஆம் நம்பர் உப்புத்தாள்.

மூலப் படம் சுமார் 36 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் நல்ல தெளிவுள்ள கோப்பு இலவசம். 13-க்கு 19 அங்குலத் தாளில் அசல் அளவிலேயே அச்செடுத்து 3 செ.மீ. கட்டம் போட்டால் 120 கட்டம் வரும். துணியில் 7.5 செ.மீ. கட்டம், படம் 90-க்கு 75 ஆகிவிடும். கட்டத்தில் சோம்பல் கூடாது. அடகுக்கடையின் அடையாளமான மூன்று உருண்டைத் தொங்கல், தூரத்துத் தேவாலயக் கோபுரத்துக்கு மேலே சிலுவை மாதிரி வந்து நிற்கிறது. அந்த ஊர் எதைக் கும்பிடுகிறது என்பதை ஹோகார்த் அந்த இடத்தில் சொல்லிவிடுகிறார். தொங்கல் இரண்டு விரற்கடை நகர்ந்தாலும் அந்தப் பேச்சே போய்விடும்.

செதுக்குக் கோடுகளை அப்படியே தூரிகையில் வரையாதீர்கள். அந்தக் கோடுகள் தகட்டில் நிழல் காட்டும் வழி. எண்ணெயில் அவை கொசுவலை மாதிரி நிற்கும். கண்ணை இடுக்கிப் பார்த்து, மொத்தப் படத்தையும் ஐந்து சாயலாகப் பிரியுங்கள். ரா அம்பர் என்ற மண்பழுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்து, டர்பன்டைனில் இளக்கி, முழுப் படத்தையும் ஒருமுறை முடித்துவிடுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் நிறம். யெல்லோ ஓக்கர், லைட் ரெட், எலும்புக் கறுப்பு, துளி பிரஷியன் நீலம் போதும். நிறத்தை இளக்க, ஆளிவிதை எண்ணெய் ஒரு பங்குக்கு டர்பன்டைன் மூன்று பங்கு. கடைசிப் பூச்சில் சரிபாதி. எண்ணெய் கூடிய பூச்சு எப்போதும் மேலேதான் வர வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும்.

பச்சை, ஊதா என்று பளிச்செனப் பூசினால் தெரு திருவிழா ஆகிவிடும். அதிக வெளிச்சம் படியில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும், அவள் கையிலிருந்து நழுவித் தலைகீழாக விழும் குழந்தைக்கும் மட்டும். அவள் குழந்தையைப் பார்க்கவில்லை, மூக்குப்பொடி டப்பாவில் விரல் வைத்திருக்கிறாள். காலில் புண். அந்தப் புண்ணை எடுத்துவிடலாமா, தாயையும் குழந்தையையும் மட்டும் பெரிதாக வரையலாமா என்று கேட்பார்கள். கூடாது என்பேன். ஓரங்களை வெட்டினால் குற்றம் முழுக்க அவள் தலையில் விழுந்துவிடும். இடப்பக்கம் தச்சன் ரம்பத்தையும், ஒரு பெண் அடுப்படிப் பாத்திரங்களையும் அடகு வைக்கிறார்கள். வலப்பக்கம் சாராயக்கடையில் ஒரே கூட்டம். நல்ல நிலையில் நிற்கும் கட்டிடங்கள் அந்த வியாபாரிகளுடையவை. 1937 அக்டோபர் 1-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட நம் ஊர்க்காரர்களுக்கு, ரம்பம் அடகுக்குப் போவதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை.

நிலவறை வாசலில் இருக்கும் எழுத்து, பென்னிக்குப் போதை, இரண்டு பென்னிக்குச் செத்த போதை, வைக்கோல் இனாம் என்கிறது. அதை ஆங்கிலத்திலேயே எழுதி, தமிழைச் சட்டத்தின் கீழே தனிப் பலகையில் வையுங்கள். பூஜ்ஜியம் நம்பர் தூரிகை, அடிப்பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகு.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவை, பொள்ளாச்சி, பல்லடம் எங்கும் புழுதியைக் கொண்டுவரும். ஈர எண்ணெயில் ஒட்டினால் எடுக்கவே முடியாது. மெல்லிய நிறப்பூச்சுகளைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கொஞ்சம் முன்சாய்த்து, படாமல் காயவிடுங்கள். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து.

‘பீர் ஸ்ட்ரீட்’டையும் செய்வதாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே தானில் துணி எடுங்கள், அடிச்சாயலை ஒரே நாளில் குழைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லோரும் கொழுத்திருக்க, அடகுக்கடை மட்டும் இடிந்து கிடக்கும். கந்தலுடுத்தி ஒல்லியாக நிற்கும் ஒரே ஆள், ஏணியில் நிற்கும் விளம்பரப் பலகை ஓவியன்.