லோங்போர்ன் காணி யாருக்கு?

ஜூலை 5

சோளகக் காற்று முற்றத்துப் புழுதியை விறாந்தைக்கு அள்ளிக்கொண்டு வருகிறது. கிளிநொச்சி வட்டக்கச்சியில் இந்த மாதம் இரவில் செய்ய வேறு வேலையும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அம்மா, அம்மம்மா, பக்கத்து வளவு மாமி மூவரையும் லப்ரொப்புக்கு முன்னால் இருத்தினேன். பிபிசி 1995 இல் ஒளிபரப்பிய 'பிரைட் அன்ட் ப்ரெஜுடிஸ்', ஆறு பாகம். ஜேன் ஒஸ்ரினின் நாவல் 1813 இல் வந்தது. தொடருக்கு எழுதியவர் அன்ட்ரூ டேவிஸ்.

நாவல் பென்னற் வீட்டுக்குள், புருசன் பெண்சாதி பேச்சோடு தொடங்கும். தொடரில் முதலில் இரண்டு ஆண்கள் குதிரையில் பாய்ந்து வருகிறார்கள், பென்னற்றின் மகள் எலிசபெத் மேட்டில் நின்று பார்க்கிறாள். டேவிஸ் கெட்டிக்காரர்தான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் குதிரை எடுபடவில்லை.

"உந்தப் பெரிய வீடு ஆற்றை?" என்று அம்மம்மா கேட்டார்.

"வாடகைக்கு எடுக்க வந்திருக்கினம், அம்மம்மா."

"வாடகைக்கோ! அதுக்கோ உந்தத் துள்ளல்?"

வந்த இருவரில் வீடு எடுக்கிற பிங்லிக்கு ஆண்டுக்கு நாலாயிரம் ஐயாயிரம் பவுண், அவருடைய சிநேகிதன் டார்சிக்குப் பத்தாயிரம் என்றதும் மாமி நிமிர்ந்து இருந்தார். பென்னற் குடும்பத்துக்கு இரண்டாயிரம்தான், அதிலே ஐந்து பெண் பிள்ளைகள். அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 6

கொலின்ஸ் வந்து சேர்ந்தார். டேவிட் பாம்பர் என்ற நடிகர். வியர்த்த முகம், படிய வாரிய தலை, வாயைத் திறந்தால் தன்னை ஆதரிக்கிற சீமாட்டி லேடி கத்தரின் புராணம். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார்.

அவருக்கு ஏன் அந்த வீட்டில் இவ்வளவு உரிமை என்று மாமி கேட்டபோது நிறுத்திவைத்து விளங்கப்படுத்தினேன். பென்னற் குடும்பம் இருக்கிற லோங்போர்ன் காணி ஆண் வழிக்குத்தான் போகும் என்று முன்னமே எழுதிக் கட்டிவிட்டார்கள். பென்னற் உயிரோடு இருக்குமட்டும் அனுபவிக்கலாம். விற்கவோ மகள்மாருக்கு எழுதவோ முடியாது. அவர் கண்ணை மூடினால் தூரத்துச் சொந்தமான இந்த ஆளுக்கு.

"எங்கடை பேர்மிற் காணி மாதிரி" என்றார் அம்மா.

நான் இதை யோசிக்கவே இல்லை. அம்மப்பா காடு வெட்டிக் கழனியாக்கிய காணி, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த பேர்மிற், அதாவது அனுமதிப்பத்திரம். தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று, பின்னுரித்தாளராக, ஒருவரையும் பதியாமல் அவர் போய்விட்டார். அதனால் அம்மம்மா உயிருள்ளவரை வைத்திருக்கலாம், வேறு பெயருக்கு மாற்ற முடியாது. அதற்குப் பிறகு சட்டத்தின் அட்டவணைப்படி மகன்மார் முதலில், மகள்மார் பிறகு. மூத்தது அம்மா, விதைப்பதும் அம்மா. ஆனால் அட்டவணைப்படி முதலில் நின்றது வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் பெயர். சொந்தமாக உறுதி எழுதின காணி என்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி மகளுக்குச் சீதனமாக எழுதுகிற ஊர் இது. பேர்மிற்றுக்கு அந்தக் கதை இல்லை.

2022 இல் திருத்தம் கொண்டுவந்து அந்த ஆண் பெண் வேறுபாட்டை எடுத்தார்கள். எண்பத்தேழு வருசம் இருந்திருக்கிறது.

ஆகவே எங்கள் வீட்டில் பென்னற் யார் என்றால் அம்மம்மாதான். சொன்னேன். "அந்தாள் மாதிரி நான் புத்தகத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கேல்லை" என்றார். நியாயம்தான். ஒரு மகன் பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் சேர்ந்து கையெழுத்து வைத்து அந்தக் கட்டுப்பாட்டை உடைக்கலாம் என்று பென்னற் நம்பியிருந்ததாக நாவலில் வருகிறது. மகன் பிறக்கவில்லை, காசும் சேர்க்கவில்லை. ஆனாலும் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த மனிசனைப் பிடிக்கிறது. எனக்கு வரவரப் பிடிக்கவில்லை.

ஜூலை 8

எலிசபெத்தின் சிநேகிதி சார்லொட் கொலின்ஸைக் கட்ட ஒத்துக்கொண்டாள். எலிசபெத் வேண்டாம் என்ற ஆளை, சில நாளுக்குள். வயது இருபத்தேழு. அம்மாவுக்குக் கோபம், மாமிக்குச் சந்தோசம். "பின்னை, தம்பிமாரின்ரை கையைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியோ?"

கலியாணத்துக்குப் பிறகு எலிசபெத் அவள் வீட்டுக்குப் போகும் இடம்தான் இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்தது. கொலின்ஸ் ஒரு சின்ன அலுமாரி அறையைத் திறந்து காட்டுகிறார். லேடி கத்தரின் சொன்னபடி உள்ளே தட்டு அடித்திருக்கிறதாம். எலிசபெத் முகத்தை நேராக வைத்துக்கொண்டு அந்தத் தட்டைப் பாராட்டுகிறாள். எலிசபெத்தாக நடிக்கும் ஜெனிபர் ஏலின் கண் மட்டும் சிரிக்கும். பிறகு சார்லொட் தன் அறையைக் காட்டி, அவர் பெரும்பாலும் தோட்டத்தில் நிற்பார், அது உடம்புக்கு நல்லது என்று தானும் தூண்டுவதாகச் சொல்கிறாள். மாமி கைதட்டினார். இது எப்படிச் செய்யப்படுகிறது என்று அவருக்குத் தெரியும் போல.

ஜூலை 9

டார்சி கேட்டார், எலிசபெத் மறுத்தாள். உன் குடும்பம் கீழ் என்று சொல்லிக்கொண்டே பெண் கேட்கிறவனை அம்மம்மா இரண்டு தரம் பார்க்க விரும்பினார். திருப்பிப் போட்டேன்.

ஜூலை 11

கரண்ட் இல்லை.

ஜூலை 12

பெம்பர்லி, டார்சியின் மாளிகை. வெளியே காட்டுவது செஷயரில் உள்ள லைம் பார்க், உள்ளே காட்டுவது டார்பிஷயரில் உள்ள சட்பரி ஹோல். இரண்டையும் ஒட்டியது தெரியவே தெரியாது.

டார்சி குளத்தில் குதித்து நனைந்த சேட்டோடு நடந்து வரும் இடம் உலகம் முழுக்கப் பிரபலம். நாவலில் அப்படி ஒன்று இல்லை. மாமி சொன்னார்: "இரணைமடுவிலை ஆராவது சேட்டோடை இறங்குவாங்களோ?"

எனக்கு அதைவிடப் பியானோ இடம்தான். டார்சியின் தங்கையை முன்பு ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு ஓடப் பார்த்தவன் விக்கம். அவன் பெயரை ஒருத்தி வேண்டுமென்றே இழுக்க, தங்கை தடுமாறுகிறாள். எலிசபெத் உடனே பக்கத்தில் போய் நின்று பேச்சை மாற்றிவிட்டு நிமிர்கிறாள். டார்சியாக நடிக்கும் கொலின் பெர்த் அங்கிருந்து பார்க்கிறார், அவ்வளவுதான். அம்மா பாயைப் பின்னுகிற கையை நிறுத்திவிட்டார்.

ஜூலை 13

இன்று தொடரைப் பற்றித் தேடினேன். 1995 செப்டெம்பர் 24 இல் தொடங்கி ஞாயிறு தோறும் போயிருக்கிறது. கடைசிப் பாகம் ஒக்ரோபர் 29. மறுநாள் ஒக்ரோபர் 30, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமச் சனம் வீடுகளை விட்டு வெளியேறிய வலிகாமம் இடப்பெயர்வு.

அம்மாவிடம் சொன்னேன். பிறகு கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்த சனம் எங்கள் வளவில் மாமரத்தின் கீழ் கொட்டில் போட்டிருந்ததாம். காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்களாம். அப்போது வன்னியில் கரண்டே இல்லை. "ஆர் உதைப் பாத்தது" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஜூலை 15

முடிந்தது. கலியாணத்தை நாவல் காட்டுவதில்லை, இவர்கள் பனிக்காலத்துத் தேவாலயத்தில் எலிசபெத்தும் டார்சியும், அவள் அக்கா ஜேனும் பிங்லியும் என்று இரண்டு சோடியையும் ஒன்றாக நிறுத்திக் காட்டுகிறார்கள். நல்ல முடிவு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

அம்மம்மா திரையைவிட்டுக் கண் எடுக்காமல் கேட்டார்: "அப்ப காணி?"

காணி கொலின்ஸுக்குத்தான். ஒன்றும் மாறவில்லை. பென்னற் செத்தால் மனிசி வீட்டைவிட்டு எழும்ப வேண்டும், போவதற்கு மருமகன்மார் வீடு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆறு பாகம் பார்க்கவைத்தாயே என்று என்னைப் பேசினார்.

மாமி மட்டும் தெளிவாக இருந்தார். "லோங்போர்னிலை கடைசியிலை திறப்புக்கோர்வையோடை நிக்கப்போறது சார்லொட். நான் அண்டைக்கே சொன்னனான்."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பத்தரை மணிக்கும் படலையில் நின்று இரண்டு பேரும் அதையே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.