மாட்டைக் கட்ட ஓர் இடம்

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி, குடியாத்தம் பக்கம் கவுண்டன்ய ஆறு கரைபுரண்டு ஓடியது. தாழ்வான பகுதி மக்களை முகாமுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. கிராம நிர்வாக அலுவலரான நானும் தலையாரியும் வீடு வீடாகப் போனோம். ரேஷன் கார்டையும் பட்டாவையும் பையில் போட்டுக்கொண்டு பலரும் கிளம்பிவிட்டார்கள். ஓர் ஆயா மட்டும் திண்ணையை விட்டு நகரவில்லை.

"நீ போ நைனா. கறவ மாடு கத்திக்கினு கெடக்குது, அத்த உட்டுட்டு நான் பள்ளிக்கூடத்துல போய் சோறு துன்றதா?"

முழங்கால் தண்ணீரில் மாட்டை அவிழ்த்து ஓட்டிவந்தோம். முகாமில் மாட்டுக்கு இடமில்லை. கோயில் மண்டபத்துத் தூணில் கட்டினோம். ஆயா அதன் பக்கத்திலேயே கோணியை விரித்துப் படுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு பேரிடர்ப் பயிற்சியில் எரிமலைத் தீவுகளைப் பற்றிப் பாடம் வந்தது. வேலூருக்கு எரிமலை எதற்கு என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். எனக்கோ ஆயாதான் கண்முன் நின்றார்.

ஐஸ்லாந்தின் ஹெய்மேய் தீவில் 1973 ஜனவரி 23 பின்னிரவில் ஊரோரம் நிலம் பிளந்து நெருப்பு கக்கியது. முந்தின நாள் புயலால் மீன்பிடிப் படகுகள் கரையிலேயே நின்றதால், ஏறத்தாழ 5,300 பேரில் பெரும்பாலோர் விடிவதற்குள் தப்பினார்கள்.

கரீபியன் தீவான மொன்செராட்டின் கதைதான் மனதை அறுத்தது. 1995 ஜூலையில் எரிமலை விழித்தது. தலைநகர் பிளிமத்தையே காலிசெய்தார்கள். தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் முகாம்களாயின. நெரிசலிலேயே மாதங்கள் ஓடின. 1997 ஜூன் 25 அன்று கொதிக்கும் சாம்பலும் வாயுவும் மலைச்சரிவில் பாய்ந்து 19 பேரைக் கொன்றன. தடைசெய்த பகுதி என்று தெரிந்தும் பயிரைப் பார்க்கப் போன விவசாயிகளும் அதில் இருந்தார்கள்.

'எச்சரிக்கையை மீறியவர்கள்' என்று கோப்பில் எழுதிவிடலாம். எனக்கு மனம் வராது. ஆளை வண்டியில் ஏற்றியதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. அவர்களுடைய பிழைப்போ அங்கேயே கிடக்கிறது. அது இழுக்கத்தான் செய்யும்.

இப்போதெல்லாம் மழைக்கு முன்பே எந்த வீட்டில் எத்தனை மாடு, எங்கே கட்டலாம், வைக்கோல் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து எழுதிவிடுகிறேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, பின்பக்கத்தில் எழுதுகிறேன். வைக்கோலுக்குப் பணம் எந்தக் கணக்கில் எடுப்பது என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். அதற்கான குறிப்பைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.