ரிப்போர்ட் எல்லாம் நார்மல், கால் மட்டும் எரிகிறது

கொரோனா போய்ப் பல மாதம் ஆகியும் எனக்குப் பாதம் எரிகிறது, ராத்திரி போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை, எழுந்து நின்றால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சர்க்கரை, தைராய்டு, பி12, மூளைக்கு எம்ஆர்ஐ எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு டாக்டர் "டென்ஷன்தான்மா, நல்லா தூங்குங்க" என்று அனுப்பிவிட்டார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நரம்பில் மின்சைகை எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் நார்மல்தான். ஆனால் அது தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் உணர்த்தும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் அதில் தெரியாது, அதற்குக் கணுக்காலுக்கு மேலே துளியூண்டு தோல் எடுத்து இழைகளை எண்ணும் பயாப்ஸி வேண்டும். இதை அடுத்துப் பார்த்த நரம்பியல் டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். படுத்தபடி ஒருமுறை, அப்புறம் எழுந்து நின்று 10 நிமிடம் வரை நாடித்துடிப்பைப் பார்த்தார். பெரியவர்களுக்கு அது நிமிடத்துக்கு 30 துடிப்போ அதற்கு மேலோ கூடி, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலும் இருந்தால் பாட்ஸ் (POTS, எழுந்து நின்றால் நாடித்துடிப்பு அளவுக்கு மீறி ஏறும் கோளாறு) என்று சந்தேகிக்க வேண்டுமாம். எனக்குக் கூடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே கொரோனாவுக்குப் பிறகும் நீடிக்கும் இந்தப் பாதிப்புக்கு வரையறை தந்துவிட்டது, அதனால் பிரமை என்று யாராவது சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள். போகும்போது எது எப்போது தொடங்கியது, நின்றால் எப்படி, படுத்தால் எப்படி என்று தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். எனக்குப் பயாப்ஸி முடிவு இன்னும் வரவில்லை.